மூடிய பிறகும் நகர்ந்த புள்ளி

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்று விழுப்புரத்து நேரம் காட்டும், இன்னொன்று அப்பாவின் நேரம். 1993-இல் அப்பா முதல்முறையாக ஷார்ஜாவுக்குப் போன வாரமே அம்மா கடைத்தெருவுக்குப் போய் அந்த இரண்டாவது கடிகாரத்தை வாங்கிவந்தாள். ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்பி, மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. மணி பார்க்கக் கற்றுக்கொண்டதே அந்த இரண்டையும் வைத்துத்தான்.

அம்மா மத்தியானம் சாப்பிடுவது அப்பாவின் கடிகாரத்தைப் பார்த்து. அங்கே ஒரு மணிக்கு அவருக்குச் சாப்பாட்டு இடைவேளை. அது நமக்கு இரண்டரை. அதற்கு முன்னால் ஒரு கவளம் அவள் வாய்க்குள் போகாது. நான் திட்டிப் பார்த்திருக்கிறேன். அல்சர் வரும் என்று டாக்டரை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். "அந்த மனுசன் வெயில்ல நின்னு ஏசி மாட்டிக்கினு இருக்கச்சொல்ல, நான் மட்டும் தின்னா தொண்டைல எறங்குமா?" என்பாள். அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது.

நாங்கள் முகையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். என் படிப்புக்காக விழுப்புரத்தில் வாடகைக்கு வந்தோம். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். ஒருவர் ஊருக்கு வருகிறார் என்றால் மீனம்பாக்கத்துக்கு வேன் போகும். வேன் திரும்பியதும் முதலில் இறங்குவது மனிதர் அல்ல, பெட்டி. நைலான் கயிறு போட்டுக் கட்டி, நான்கு பக்கமும் மார்க்கரால் பெயர் எழுதிய பெரிய அட்டைப்பெட்டி. அதைக் கூடத்து நடுவில் வைத்து, அக்கம்பக்கம் எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகுதான் கயிற்றை அறுப்பார்கள். சோப்பு ஒரு வீட்டுக்கு, பவுடர் ஒரு வீட்டுக்கு, பேரீச்சம்பழம் எல்லாருக்கும், தைலம் வயதானவர்களுக்கு. எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை பெட்டி இல்லாமல் வெறுங்கையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். அவரைப் பற்றித் தெரு பேசிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த முறை விடுமுறையில் இருந்த எங்கள் அப்பாவும் சிரித்தார். "ஒரு சோப்பு கூடவா வாங்க முடியல அவனால?" என்றார்.

நான் கம்ப்யூட்டர் படித்தேன். சென்னையில் இரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு, அம்மா தனியாக இருக்கிறாளே என்று ஊருக்குத் திரும்பினேன். ரயிலடிப் பக்கம் ஒரு டயர் கடைக்கு மேலே மொபைல் ஆப் எழுதும் சின்ன ஆபீஸ் ஒன்று இருந்தது. அதை நடத்தியவரும் நானும்தான் அங்கே மொத்த ஆள்பலம். அவரை சார் என்பேன். நல்ல மனிதர், ஆனால் எந்த நேரமும் கிண்டல். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். எப்படியோ ஓடியது.

2014 வாக்கில் ஒரு டிராவல்ஸ்காரர் எங்களிடம் வந்தார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர். போனவர்களுக்கும் அவர்கள் வீட்டுக்கும் பொதுவாக ஒரு ஆப் வேண்டும் என்றார். அதில் இன்டர்நெட் வழியாகப் பேசலாம். மேலே இரண்டு ஊர் நேரமும் ஓடும்; அந்த யோசனை எங்கள் கூடத்துச் சுவரிலிருந்து நான் எடுத்தது. தான் இருக்கும் இடத்தை வீட்டுக்குக் காட்ட விரும்பினால், அதற்கு ஒரு வரைபடத் திரை. அதைத் திறந்தால் போன் இடத்தைத் தேடும். 'காட்டு' என்று அழுத்தினால் மட்டும் வீட்டுக்குத் தெரியும். திரையை மூடினால் தேடுவதும் நின்றுவிடும், நின்றுவிட வேண்டும்.

ஆப் வெளியான கொஞ்ச நாளில் புகார் வர ஆரம்பித்தது. போன் சட்டியாகச் சுடுகிறது, சார்ஜ் நிற்கவில்லை, ஆப் நடுவில் செத்து விழுகிறது. டிராவல்ஸ்காரர் நேரிலேயே வந்து, "இன்னாம்மா, பெரிய பேஜாரா இருக்குது உங்க ஆப்போட" என்று போனை என் கன்னத்தில் வைத்துக் காட்டினார். உண்மையிலேயே சுட்டது.

நான் போனை கம்ப்யூட்டரில் இணைத்து, மெமரியில் அந்த நேரம் என்னென்ன இருக்கிறது என்று அப்படியே படம் எடுத்துப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. வரைபடத் திரையை எத்தனை முறை திறந்து மூடினேனோ, அத்தனை திரைகளும் உள்ளே இருந்தன. கண்ணுக்குத் தெரியாமல், ஒன்றுகூடச் சாகாமல், வரிசையாக உட்கார்ந்திருந்தன. போனைக் குறுக்கே திருப்பினால் அதற்கும் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது.

சாருக்கு இதை விளக்கினேன். வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் பால்காரரிடம் சொல்லாமல் போய்விட்டால் என்ன ஆகும்? தினமும் கதவில் பால் பாக்கெட் தொங்கும். பால் போடுகிற வீட்டில் ஆள் இருக்கிறது என்று எல்லாரும் நினைப்பார்கள். வீட்டைக் கழுவிவிட யாரும் வரமாட்டார்கள். எங்கள் திரையும் அப்படித்தான். 'இடம் தெரிந்தால் எனக்குச் சொல்லு' என்று போனிடம் சொல்லி வைக்கிறது. மூடும்போது 'இனி வேண்டாம்' என்று சொல்லாமல் போகிறது. போன் அதன் முகவரியை விடாமல் பிடித்துக்கொண்டு, இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. யாரோ பிடித்திருக்கும் பொருளை மெமரியைச் சுத்தம் செய்கிற ஏற்பாடு தொடாது.

"அப்போ பேய் வீடு கட்டி வச்சிருக்கோம்னு சொல்லு" என்றார் சார்.

ஆப் முழுவதிலும் இதே தவறு எங்கெல்லாம் இருக்கிறது, எந்தெந்த போனில் வருகிறது என்று தெரிந்த பிறகே கை வைக்கலாம் என்று முடிவு செய்தோம். அதற்காக ஒரு சோதனைப் பதிப்பு தயாரித்தேன். மூடப்பட்ட திரைக்கு இடம் பற்றிய தகவல் வந்தால், அது உடனே எங்கள் சர்வருக்கு ஒரு வார்த்தை சொல்லும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். சிவப்புப் புள்ளி என்றால் செத்தும் சாகாத திரை. தெரிந்தவர்களின் போன்களில் மட்டும், சொல்லிவிட்டுப் போட்டோம்.

"வெளிநாட்டுல ஒரு போன் இருந்தா நல்லா இருக்கும்" என்றார் சார்.

"அதான் எங்கப்பா இருக்காரே" என்றேன் பெருமையாக.

அந்தச் சமயம் அப்பா போன் கார்டை விட்டுவிட்டு எங்கள் ஆப்பில்தான் பேசிக்கொண்டிருந்தார். மகள் செய்த ஆப் அல்லவா என்று நான் பூரித்துப்போயிருந்தேன். சோதனைப் பதிப்பை அனுப்பி, போட்டுக்கொள்ளச் சொன்னேன். கொஞ்ச நாள் சாக்குச் சொன்னார். நெட் சரியில்லை, வேலை அதிகம், கண்ணாடி உடைந்துபோச்சு. நான் விடவில்லை.

"அந்த மேப்பைத் தொறந்து, உடனே மூடிடுப்பா. வேற ஒண்ணும் செய்யாத. காட்டுன்னு அழுத்தக்கூட வேணாம்" என்றேன்.

"உடனே மூடிடலாமா?"

"உடனே மூடிடு."

"மூடிட்டா ஒண்ணும் போவாதுல்ல?"

"போகக் கூடாது. போகுதான்னு பாக்கத்தான் இது" என்று சிரித்தேன். அப்பா போனைத் தட்டும் சத்தம் கேட்டது. "சரி பாப்பா, தொறந்து மூடிட்டேன்" என்றார்.

மறுநாள் ஆபீஸ் போய் வரைபடத்தைப் பார்த்தேன். விழுப்புரத்தில் சாரின் புள்ளி, என் புள்ளி, டிராவல்ஸ் ஆட்களின் புள்ளிகள். ஷார்ஜாவில் ஒன்றும் இல்லை. அப்பா போனில் பிழை வரவில்லை போலிருக்கிறது என்று வரைபடத்தைச் சுருக்கும்போதுதான் திண்டிவனத்தில் ஒரு சிவப்புப் புள்ளி கண்ணில் பட்டது. எங்கள் ஆட்கள் யாரும் திண்டிவனத்தில் இல்லை. அதன்மேல் சுட்டினேன். அப்பாவின் போன்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது முதலில். இன்னொரு பிழை, வேறென்ன என்று நினைத்தேன். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும் என்று மாற்றிப் போட்டுப் பார்த்தேன். புள்ளி வடக்கே பனிக்கடலில் போய் விழுந்தது. சர்வர் ஒருவர் இடத்தை இன்னொருவர் பெயரில் போட்டிருக்குமோ என்று அதையும் கிண்டினேன். மற்ற எல்லாப் புள்ளியும் சரியாக இருந்தது. அப்பா கடைசி விடுமுறையில் வந்தபோது பதிந்த பழைய இடத்தைப் போன் நினைவில் வைத்துச் சொல்லியிருக்கலாம். அதுவாகத்தான் இருக்கும் என்று பிடித்துக்கொண்டேன். மத்தியானம் ஒரு மணிக்குப் புள்ளி நகர்ந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த சந்திலிருந்து அடுத்த தெருவுக்குப் போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி சந்துக்கே வந்தது.

பழைய இடம் நகராது. நான் எழுதியது தவறாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தவறு செய்திருக்கிறேன், அந்த நாள் பார்த்து எல்லாம் சரியாக வேலை செய்தது.

"இன்னாம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துக்கினு இருக்க?" என்றார் சார். தலைவலி என்றேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அப்பாவுக்கு விடுமுறை நாள், அவர் பேசும் நாள். அம்மா இரண்டரைக்குச் சாப்பிட்டுக் கை கழுவியதும் போன் அடித்தது. வெளியே நல்ல மழை. ஸ்பீக்கரில் போட்டு அம்மா பேசினாள்.

"சாப்ட்டீங்களா?"

"இப்பதான் சாப்ட்டேன். நீ?"

"நானும் இப்பதான். அங்க வெயிலு எப்படி?"

"கொளுத்துது. தார் ரோடு உருகுது."

நான் குனிந்து போனில் காதை வைத்தேன். அப்பாவின் குரலுக்குப் பின்னால் தகரத்தின்மேல் சடசடவென்று ஏதோ விழுந்துகொண்டிருந்தது. கூரைத் தகரத்தில் மழை.

"அது இன்னாப்பா சத்தம்?" என்றேன்.

"கம்ப்ரசர் ஓடுது பாப்பா."

"அங்க மணி இன்னா?"

"ஒண்ணு இருவது" என்றார், ஒரு நொடி கூட யோசிக்காமல். ஆப்பின் மேலே இரண்டு ஊர் நேரமும் ஓடுகிறதே, அதைப் பார்த்துப் படித்தார். அவர் பொய் சொல்ல வசதியாக நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிறிஸ்துமசுக்கு வந்து எனக்கு மாப்பிள்ளை பார்க்கப்போவதாக அவர் சொல்ல, அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை ஆபீஸ் என்று சொல்லிவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் கண்டபடி நினைப்பு. வேறு குடும்பமா? ஏதாவது கேசா? ஒரு மகள் தன் அப்பாவைப் பற்றி என்னவெல்லாம் நினைக்கக் கூடாதோ அத்தனையும் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் நினைத்து முடித்துவிட்டேன். சர்வரில் இருந்த வரைபடத்தை என் போனிலும் திறந்து வைத்திருந்தேன். புள்ளி அசையாமல் அதே சந்தில் இருந்தது. அந்தப் பிழையை ஒரே வரியில் சரிசெய்யலாம் என்று எனக்குத் தெரியும். சரிசெய்துவிட்டால் அப்பா இருக்கும் இடம் எனக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் தொடவில்லை.

கண்டக்டர் மேம்பாலத்துக்குக் கீழே இறக்கிவிட்டார். சந்துக்குள் நடந்தேன். ஒரு சைக்கிள் கடை, ஒரு மாவு மில், அதை அடுத்து தகரம் போட்ட ஒரு பிரிட்ஜ் ரிப்பேர் கடை. வாசலில் கதவு கழற்றிய பிரிட்ஜ் ஒன்று மல்லாந்து கிடந்தது. அதன் பின்பக்கம் குத்துக்காலிட்டு ஒருவர் குழாயைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அப்பா."

திரும்பினார். கையிலிருந்த தீயை அணைத்தார். என்னைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். எப்படி வந்தாய் என்று கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் மூடிட்டேனே பாப்பா" என்றார். "நீ சொன்ன மாதிரி ஒடனே மூடிட்டேனே."

சண்டை போடத்தான் வந்திருந்தேன்.

கடைக்கு மேலே ஒரு அறையில் தங்கியிருந்தார். அங்கே போய்த்தான் சொன்னார். நான்கு மாதத்துக்கு முன்னால் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். இருந்தவர்களை எல்லாம் விமானம் ஏற்றி விட்டார்கள். கையில் ஒரு தோள்பை மட்டும். மீனம்பாக்கத்திலிருந்து விழுப்புரம் பஸ்ஸில்தான் ஏறியிருக்கிறார். திண்டிவனத்தில் பஸ் நின்றபோது, அதற்கு மேல் வர முடியாமல் இறங்கிவிட்டார். ஷார்ஜாவில் கூட வேலை செய்த ஒருவரின் அண்ணன் கடை இது. கையில் இருந்ததையும் இங்கே கிடைப்பதையும் சேர்த்து, வழக்கம்போல வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

"நேரா வீட்டுக்கு வர வேண்டியதுதானே?" என்று கத்தினேன். கீழே மில்காரர் எட்டிப் பார்த்திருப்பார்.

அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். நான்கு பக்கமும் மார்க்கரால் அவர் பெயர், விழுப்புரம் முகவரி. பழைய விமானச் சீட்டுத்துண்டு ஒன்று அதன்மேல் ஒட்டியிருந்தது. உள்ளே பாதிப் பெட்டிக்குச் சோப்பு, பவுடர், பால் பவுடர் டின், ஒரு டார்ச், தைலம். எல்லாம் பாண்டிச்சேரியில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியது.

"கிறிஸ்துமசுக்குள்ள ரொப்பிடுவேன். அப்பறம் வேன் பிடிச்சி வந்துடுவேன். பெட்டி இல்லாம அந்தத் தெருவுல எப்படி பாப்பா எறங்குறது?"

எத்தனையோ திட்டு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து அன்று சிரித்தவர்தானே நீங்கள் என்றுகூடக் கேட்கத் தோன்றியது. அந்தப் பாதிப் பெட்டியைப் பார்த்த பிறகு எதையும் கேட்க முடியவில்லை. அழுகைதான் வந்தது. கயிற்றை எடுத்துப் பெட்டியைக் கட்டினேன். "எழுந்திருப்பா, போலாம்" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி எழுந்து சட்டை மாற்றிக்கொண்டார்.

நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். அம்மா வாசலில் வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள்.

"வேனு எங்க?" என்றாள்.

உள்ளே அழைத்துப் போய், கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் நானே சொன்னேன். அப்பா சுவரோரம் நின்றார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், பாத்திரத்தைத் தூக்கி எறிவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. பிறகு மெதுவாக ஒன்று கேட்டாள்.

"சாப்பாட்டுக்கு இன்னா பண்ணீங்க?"

"பக்கத்துத் தெருவுல மெஸ்ஸு."

"எத்தினி மணிக்குச் சாப்புடுவீங்க?"

"ஒரு மணிக்கு" என்றார் அப்பா.

"எந்த ஒரு மணி?"

அந்தப் புள்ளி நம் ஊர் ஒரு மணிக்கு நகர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன்.

"நான் ரெண்டரை வரைக்கும் பசியோட உக்காந்துக்கினு இருந்தேங்க" என்றாள் அம்மா. "நாலு மாசமா."

அப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பெட்டியை யாரும் பிரிக்கவில்லை. அம்மாதான் கடைசியில் எழுந்து, அதைத் தள்ளிக்கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் விட்டாள். அக்கம்பக்கத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

திங்கட்கிழமை அந்த ஒரு வரியை எழுதினேன். திரை மூடும்போது 'இனி வேண்டாம்' என்று போனிடம் சொல்லிவிட்டுப் போகிற வரி. வரைபடத் திரையைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடி, மெமரியைப் படம் எடுத்துப் பார்த்தேன். ஒரு திரைகூட மிச்சமில்லை. போன் சில்லென்று இருந்தது. சார் கைதட்டினார். அந்தச் சந்தோஷத்தில் மத்தியானம் வீட்டுக்கே சாப்பிடப் போனேன்.

அப்பா சாப்பிட்டு முடித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்குப் பரிமாறிய தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, சும்மா உட்கார்ந்தாள். அவள் தட்டு கவிழ்த்தபடியே இருந்தது.

"அதான் அப்பா சாப்ட்டாச்சே. நீயும் சாப்பிடேம்மா" என்றேன்.

அம்மா தலையைத் தூக்கி, மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த அப்பாவும் அதைப் பார்த்தார்.

"பசிக்கலடி" என்றாள் அம்மா. "இன்னும் மணி ஆவல."